உட்பக்கம் குத்திய தாலி

லா சப்பல், பரிஸ்
ஞாயிற்றுக்கிழமை

அன்புத் தங்கச்சி சிவாஜினிக்கு,

நீயும் ரோமனும் சுகமாக இருக்கப் பிள்ளையார் துணை நிற்கட்டும். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. உன் சேந்தன் அத்தான் இன்னும் கண் திறக்கவில்லை. மூச்சைக்கூட மெஷின்தான் விடுகிறது.

இதெல்லாம் போனில் சொன்னதுதான். சொல்லாதது ஒன்று இருக்கிறது. மகன் விழுந்த நாளிலிருந்து மாமி என் பக்கத்தை விட்டு அசைவதில்லை. உன் அழைப்பு வந்தாலே, ஸ்பீக்கரிலை போடு பிள்ளை, நானும் கேக்கிறன் என்கிறார். அதனால்தான் கடிதம். ரோமனின் அம்மா புதன்கிழமை மெக்சிக்கோவுக்கு உங்களிடம் வருகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். அவருக்குத் தமிழ் தெரியாதது நல்லதாய்ப் போயிற்று.

என் தாலிக்கொடி உங்களிடம் இருக்கிறது. இருக்க வேண்டும்.

நாங்கள் அங்கே வந்திருந்தபோது, ரோமன் உங்கள் சுற்றுலாப் படகில் எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போன கடைசி நாளை நினைத்துப் பார். படகில் ஏறுமுன், மினுங்குகிற நகை எதுவும் வேண்டாம், பவளப்பாறைப் பக்கம் சீலா மீன் கடிக்க வரும் என்று எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போடச் சொன்னார். தோட்டையும் மோதிரத்தையும் போட்டேன். தாலியைக் கழற்றி, கண்டவர் செருப்போடும் போனோடும் போடுவதா? உடம்பை விட்டுப் பிரியவும் கூடாது, வெளியே மினுங்கவும் கூடாது. கொடியைச் சுருட்டிக் கைக்குட்டையில் பொதிந்து, லைஃப் ஜாக்கெட்டின் இடது தோள் உட்பக்கம் ஊக்கால் குத்திக்கொண்டேன். அத்தான் பார்த்துவிட்டு, பாங்க் லொக்கரை விடப் பத்திரம் என்று சிரித்தார்.

பாறையில் மீன் பார்த்தோம். கடலோரக் களப்பில் ஆமையைத் துரத்தினோம். கடைசியாக அந்தக் குகைக் கிணறு. சுண்ணாம்புக் கல் பிளந்து, கீழே கரிய நீலத்தில் தண்ணீர். எனக்கு இறங்கப் பயம். அத்தான் கையைப் பிடித்துக்கொண்டு, இது எங்கடை யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணத்தின்ரை தம்பி, அங்கை போட்ட தேசிக்காய் கீரிமலையிலை மிதக்கும் எண்டு சொல்லுவினம், இஞ்சை உன்னைப் போட்டால் எங்கை மிதப்பாயோ என்று பகிடி விட்டார். அந்த மனிதர்தான் இன்று பேச்சில்லாமல் கிடக்கிறார்.

ஏறி வந்தபோது குளிரில் பல்லோடு பல் அடித்தது. ஜாக்கெட்டைக் கழற்றி எறிந்துவிட்டுத் துவாயைப் போர்த்திக்கொண்டு பஸ்ஸுக்குள் ஓடினேன். அன்று மாலையே விமானம். அது கிளம்பிய பிறகுதான் கழுத்துக்குக் கை போனது. நான் அழ, அவர் சொன்னார்: அழாதை, தங்கச்சிக்குச் சொல்லித் தேடுவம், கிடைக்காட்டிப் பொன்னுருக்கி இன்னொண்டு கட்டிவிடுறன், ரெண்டு தரம் மாப்பிள்ளையாகக் குடுத்து வைக்க வேணுமே. பரிஸில் வந்து இறங்கிய மறுநாள் வேலைக்குப் போகும்போது லா சப்பல் மெட்ரோப் படியில் விழுந்தார். மூளையில் இரத்தக் கசிவு. உனக்குச் சொல்ல எங்கே நேரம் இருந்தது?

மாமியிடம் கொடி அறுந்துவிட்டது, ஒட்டக் கொடுத்திருக்கிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, கழுத்துச் சால்வையோடு திரிகிறேன். நேற்று பிலிப்-து-ஜிரார் தெருவில் மரக்கறி வாங்கும்போது சால்வை நழுவிவிட்டது. கடைக்காரத் தவரத்தினம் அண்ணை என் கழுத்தைப் பார்த்தார். எப்ப பிள்ளை செத்தவீடு, எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே என்று கேட்டார். அவரில் பிழையில்லை. வெண்டிக்காயை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

புதிதாகச் செய்துவிடு அக்கா என்பாய். இங்கே நகைக்கடைக்கா பஞ்சம்? யாரடி கட்டுவது? அத்தானின் விரல்களை நான் மடக்கினால் மடங்குகின்றன, விட்டால் விரிந்துவிடுகின்றன.

மாமிக்குத் தெரியாத இன்னொன்றும் இருக்கிறது. வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இனி முன்னேற்றம் வராது, மெஷினை நிறுத்துவது பற்றிக் குடும்பம் என்ன நினைக்கிறது என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது இதுதான்: என் தாலி மெக்சிக்கோவில் இருக்கிறது, அது வந்த பிறகு பதில் சொல்கிறேன். மொழிபெயர்க்க வந்த ஹரிப்பிரியா அதைப் பிரெஞ்சில் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்தாள். டாக்டர் சிரிக்கவில்லை. சரி மேடம், அதுவரை பொறுப்போம் என்றார். எதுவரை என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

தங்கச்சி, ஒவ்வொரு ஜாக்கெட்டாகக் கவிழ்த்துப் பார். நான் போட்டதில் இடுப்புப் பட்டியைப் பச்சை நூலால் தைத்திருந்தது. கழுவுகிற பெண்களைக் கேள். அந்தக் கிணற்றுக்குள்ளும் ரோமனை இறங்கிப் பார்க்கச் சொல், ஆனால் தனியாக இறங்க விடாதே.

கிடைத்தால் நல்லது. அவர் கட்டிய தாலி அது, அதற்கு இன்னொரு முகூர்த்தம் தேவையில்லை. அவர் கைக்குள் வைத்து எடுத்து நானே போட்டுக்கொள்வேன். கிடைக்காவிட்டால், கிடைக்கவில்லை என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. யார் கேட்டாலும், நானே கெஞ்சிக் கேட்டாலும், தேடிக்கொண்டிருக்கிறோம் என்றே சொல். நீ அங்கே தேடும்வரைதான் இங்கே அந்த மெஷின் ஓடும்.

நீ தீர்க்க சுமங்கலியாக இருக்க வேண்டும், என் செல்லமே.

உன் அக்கா
துஷாந்தி