ஆக்னஸ் உயரத்து நூல்

பனிமய மாதா துணை

சென்னை, 12-11-1974

ஆக்னஸ் அப்பாவுக்கு இசபெல்லா எழுதுவது. நான் இங்கே சுகம். உங்கள் இருமல் குறைந்ததா?

கிறிஸ்மஸ் கவுன் தைக்க, பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி உயரம் அளந்து நீங்கள் அனுப்பிய வலைநூல் வந்தது. "பிள்ளை நல்லா வளந்துட்டா, ஏளா" என்று எழுதியிருந்தீர்கள். ஒரு வேடிக்கை கேளுங்கள். நான் பார்த்துக்கொள்ளும் இந்த வீட்டுக் குழந்தை ரமா, நூலைப் பிடுங்கித் தன்மேல் வைத்துப் பார்த்தாள். அவள் காது வரைதான் வந்தது. "உங்க பொண்ணு என்னைவிடச் சின்னவளா, ஆயா?" என்று கேட்டாள். அவளுக்கு ஆறு வயது. நம் பிள்ளைக்கு எட்டு. நூல் நனைந்து சுருங்கிவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டேன்.

பிறகு, போன வருஷம் நீங்கள் அனுப்பிய நூலை எடுத்து இதோடு சேர்த்துப் பிடித்தேன். இரண்டும் ஒரே நீளம். அன்றிலிருந்து ரமாவுக்குப் பால் ஆற்றிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்ப்பதில்லை.

இன்னொரு தடவை அளந்து அனுப்புங்கள். அளக்கும்போது, ஆக்னஸ் தூக்கிச் சுமக்கும் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கிவிடச் சொல்லுங்கள். அவள் நிமிர்ந்து நிற்கட்டும்.

வீட்டம்மா கூப்பிடுகிறார்கள், நிறுத்துகிறேன். நைலான் நூல் நனைந்தால் சுருங்காது என்று ரமாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமே.