மோட்டாரில் எட்டு, கல்லில் நாலு

அக்கா,

இன்று காலை பட்டறையில் புதுச் சாணைக்கல்லின் நடுவே ஒட்டியிருந்த வட்டத் தாளைப் பார்த்தேன். நிமிடத்துக்கு 2400 சுற்று, அதற்கு மேல் கூடாது என்று அச்சிட்டிருந்தது. உங்களைக் கொன்ற கல்லிலும் அது இருந்திருக்கும். நாம் படிக்கவில்லை.

அன்று கல் உதறியது. "வேகத்தக் கொறைக்கோணும் கண்ணு. பெருசு மெதுவாத்தானே சுத்தும்?" என்று மோட்டாரில் பெல்ட் ஓடும் ஆறு இன்ச் புல்லிச் சக்கரத்தைக் கழற்றி எட்டு இன்ச்சை மாட்டினீர்கள். ஒன்பதாவதோடு பள்ளியை விட்ட நான் தலையாட்டினேன். பெல்ட்டைப் பிடித்துக் கொடுத்ததும் நான்தான். சுவிட்ச் போட்டதும் கல் அலறியது. தேய்க்க வேண்டிய பம்புக் காஸ்டிங் இரும்பை நீங்கள் அதில் வைத்த நொடியில் கல் வெடித்தது. ஒரு துண்டு தகரக் கூரையைக் கிழித்தது. இன்னொன்று உங்கள் நெற்றியை. என் வாயெல்லாம் கல்தூளும் உங்கள் ரத்தமும்.

"பொம்பளைக மிசின்ல கைய வெச்சா இப்படித்தான்" என்றார் முதலாளி. உங்கள் உடல் அங்கேயே கிடந்தது.

துடியலூர் சமுதாயக் கல்லூரியின் மாலைக் கணக்கு வகுப்பில் நமக்கு ஒரே பெஞ்சு. "ஏனுங்க மேடம், புல்லிக் கணக்கு எப்பங்க?" என்று கேட்டீர்கள்.

"அது கடைசிப் பாடம். மொதல்ல எக்ஸக் கண்டுபிடிங்க."

"எக்ஸுன்னா எத்தன இன்ச்சுங்க மேடம்?"

வகுப்பே சிரித்தது. அந்தப் பாடம் வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். பிறகு நானே படித்தேன். நாலே வரிதான், அக்கா. மோட்டார் சுற்றுவது 1440. அதன் புல்லி எட்டு, கல்லின் புல்லி நாலு என்றால் கல் 2880 சுற்றும். பழைய ஆறே இருந்திருந்தால் 2160.

இன்னமும் மோட்டாரில் அந்த எட்டுதான். நாளை உங்கள் இடத்தில் ஒரு புதுப் பெண் நிற்கப் போகிறாள். நம் வகுப்பிலும் சேர்ந்திருக்கிறாள். அந்த எட்டைக் கழற்றச் சொல்லி முதலாளியிடம் கேட்டேன், நானாக அவரிடம் பேசியது அதுதான் முதல் தடவை.

"போன கல்லு மட்டம். இது நல்ல கல்லு. போய் வேலையப் பாரு அம்மணி."

இரும்பறுக்கும் ஆக்சா பிளேடை எடுத்து அவர் கண்முன்னே பெல்ட்டை அறுத்தேன். கன்னத்தில் அறைந்தார். விடாமல் அறுத்தேன். மறுபடி அறைந்தார். பெல்ட் துண்டாகிக் கீழே விழுந்த பிறகுதான் பிளேடை வைத்தேன்.

ஆனால் புது பெல்ட் மாட்ட அரைமணி நேரம் போதும்.

மாலை வகுப்பில் மேடம் பலகையில் எக்ஸ் எழுதினார். அந்தப் பெண் அதை அப்படியே நோட்டில் வரைந்துகொண்டாள். எனக்கு இடது காது இன்னும் இரைந்துகொண்டிருந்தது. எழுந்துபோய் எக்ஸை உள்ளங்கையால் அழித்தேன். இரண்டு வட்டம் வரைந்து, ஒன்றில் எட்டு, மற்றதில் நாலு என்று எழுதினேன்.