வெளியே தொங்கிய கம்பி

பாப்பாவுக்கு,

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதப்படும் கடிதம். இங்கே என் முழங்கால் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் நலம், அந்த முழங்காலும் மழை இல்லாத நாளில் நலம்தான். நீயும் மாப்பிள்ளையும் பையனும் அங்கே சளி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டிருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணன் டயர் கடையைப் பெரிய ரோட்டுக்கே மாற்றிவிட்டான். கூரை ஒழுகும் இடத்தில் வாளி வைத்து வைத்து அலுத்துப்போன அண்ணி போன வாரம் தானே ஏணி போட்டு ஏறி உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டாள், கீழே நின்று ஏணியைப் பிடித்தது உன் அண்ணன், கால் நடுங்கியதும் அவனுக்குத்தான். வழக்கமாக எனக்கு எழுதித் தருவது அண்ணி, அவள் கையெழுத்து உனக்குத் தெரியும், இது அவளுடையது இல்லை என்று இதற்குள் கண்டுபிடித்திருப்பாய். யார் எழுதுவது என்று கடைசியில் சொல்கிறேன், இப்போதே சொன்னால் மேற்கொண்டு படிக்காமல் மடித்து வைத்துவிடுவாய். வாராவாரம் போனில் பேசுகிறோமே, அப்புறம் எதற்குக் கடிதம் என்றும் கேட்பாய். இதைச் சொல்லிவிட வேண்டும் என்று நான் போனில் வாயெடுக்காத வாரம் இல்லை பாப்பா, வாயெடுத்ததும் அங்கே குளிரா என்று கேட்டுவிடுகிறேன், நீயும் ஆமாம்பா குளிர்தான் என்கிறாய், அதோடு முடிந்துபோகிறது.

சங்கதி பழையது. எந்த வருடம் என்று எண் சொல்ல எனக்குத் தெரியாது, ஆனால் மார்க்கெட் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து பள்ளிக்கூடச் சுவர் மேல் விழுந்ததே, அந்த வருடம். பஸ்ஸுக்கெல்லாம் சிவப்பை மாற்றிப் பச்சைப் பெயின்ட் அடித்ததும், சினிமாக் கொட்டகைத் தகரம் காற்றில் பறந்து செருப்புக் கடை வாசலில் விழுந்ததும் அதே வருடம்தான். கோழிக்கெல்லாம் நோய் வந்து இரண்டு மாதம் எவனும் கோழியைத் தொடவில்லை, அதனால் நம் வீட்டுப் புகை போட்ட இறைச்சிக்கு ஓட்டல்காரர்கள் வரிசையில் நின்றார்கள். நீ தொழில் படிப்பு முடித்துவிட்டு ரேடியோக் கடையில் உட்கார்ந்திருந்தாய், இருபத்திரண்டு வயது. தூர தேசத்து வேலைக்கு வரச்சொல்லி உனக்குக் காகிதம் வந்து கிடந்தது, நீ போகப்போவதில்லை என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாய். இதெல்லாம் எனக்கு நேற்று நடந்த மாதிரி இருக்கிறது.

நம் புகைப் பீப்பாய் உனக்கு ஞாபகம் இருக்கும். எண்ணெய் பீப்பாயை நிமிர்த்தி வைத்து, பக்கத்தில் கதவு வெட்டி, உள்ளே இரண்டு வரிசைக் கம்பி பற்றவைத்துக் கொடுத்தது உன் மாமா. அடியில் கரி எரியும் இரும்புப் பெட்டி, மேலே ஒரு முழம் புகைபோக்கி. அதற்கு நான் வைத்திருந்த தெர்மாமீட்டர் என் உள்ளங்கைதான். பீப்பாய் வயிற்றில் கையை வைத்து எண்ணுவேன், நாலு எண்ணும்வரை தாங்கினால் சரியான சூடு, மூன்றிலேயே கை தானாக வந்துவிட்டால் அடியில் காற்று வரும் ஓட்டையை மூடணும், ஆறு தாங்கினால் திறந்துவிடணும். கறிக்கடைக்காரர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம், இவரு கைய வெட்டி எடுத்துட்டுப் போனா நாமளும் தொழில் பண்ணலாம்பா என்று சொல்வார், எனக்கு அதைக் கேட்க அவ்வளவு பிடிக்கும். ஆனால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை எழுந்துபோய்க் கை வைக்காவிட்டால் தொழில் நடக்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஒரு வேளைச் சாப்பாட்டை எழுந்திருக்காமல் உட்கார்ந்து முடித்ததில்லை. அம்மா எனக்கு வைக்கும் தட்டுக்கு எப்போதும் ஒரு மூடியும் வைப்பாள், நீ சின்னப் பிள்ளையில் அப்பா தட்டுக்கு மட்டும் ஏன் தொப்பி என்று கேட்பாய்.

அந்தத் தொப்பியை எடுக்கத்தான் நீ அந்தப் பெட்டியைச் செய்தாய். அன்றைக்கு எனக்கு அது புரியவில்லை என்று சொன்னால் பொய், புரிந்தது. பழைய கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய விசிறி, பீப்பாய்க்குள் சூட்டைப் பார்க்க ஒரு நீளக் கம்பி, அதன் நுனியை இறைச்சி தொங்கும் கம்பியில் மாட்ட ஒரு கிளிப், வெளியே சிவப்பு எண் ஓடும் பெட்டி. எழுத்துதான் எனக்குத் தெரியாது, எண் தெரியும் என்பதால் நீ நூற்றுப்பத்து டிகிரியை வைத்துக் காட்டினாய். சூடு அதற்குக் கீழே இறங்கினால் விசிறி ஓடிக் கரிக்குக் காற்று ஊதும், ஏறினால் நின்றுவிடும், அவ்வளவுதாம்பா என்றாய். கதவு இடுக்கெல்லாம் களிமண் பூசி அடைத்தாய். ஒரே ஒரு விஷயம்தாம்பா, நடுவுல கதவத் தொறக்காதீங்க, என்று மூன்று தடவை சொன்னாய். மூன்று தடவை சொன்னது எனக்குக் கோபம். இருபத்தைந்து வருடம் கை வைத்துப் பார்த்தவனுக்கு நேற்றுப் பிறந்தவள் சொல்கிறாளா என்று இருந்தது. அந்தப் பெட்டி சரியாக வேலை செய்தால் அப்புறம் என் கை எதற்கு என்றும் இருந்தது. பாப்பா, அது நன்றாக ஓட வேண்டும் என்று ஒரு பக்கம் நினைத்தேன், ஓடக் கூடாது என்றும் நினைத்தேன்.

அன்றைக்குப் பீப்பாய் நிறைய ஓட்டல்காரருக்கான சரக்கு, அவர் வீட்டு விசேஷத்துக்கு. காலையிலிருந்து சிவப்பு எண் நூற்றுப்பத்தை விட்டு நகரவில்லை, பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல். மத்தியானம் அம்மா எல்லோருக்கும் தட்டு வைத்தாள், என் தட்டுக்கு மூடி வைக்கவில்லை. அண்ணன் வேலைக்குப் போயிருந்தான், மாமா வந்திருந்தார். நீ என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, எழுந்திரிச்சா அபராதம் என்றாய். நானும் உட்கார்ந்தேன், பத்து நிமிடம்கூட இருக்காது, கை கழுவ மறந்துட்டேன் என்று சொல்லிவிட்டுப் பின்கட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தேன். இறைச்சியை விரலால் அழுத்திப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. மூடிவிட்டு வந்து சாப்பிட்டேன், உங்கள் யாருக்கும் தெரியாது. அப்போது எனக்கே தெரியாத ஒன்று, கையை வெளியே எடுக்கும்போது என் சட்டைக்கைப் பொத்தானில் உன் கிளிப் மாட்டி, கம்பியோடு வெளியே வந்துவிட்டது. அது பீப்பாய்க்கு வெளியே காற்றில் தொங்கிக்கொண்டு, சூடே இல்லை என்று பெட்டிக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது, பெட்டி பாவம் அதை நம்பி விசிறியை முழு வேகத்தில் ஓட்டுகிறது. நான் இரண்டாம் தடவை போட்டுச் சாப்பிடுகிறேன்.

வாசம் மாறியதும் முதலில் எழுந்து ஓடியது நான்தான். கதவு இடுக்கில் நெருப்புத் தெரிந்தது, கொழுப்பு உருகி விழுந்து பிடித்துக்கொண்டுவிட்டது. கம்பி வெளியே தொங்குவதைப் பார்த்தேன். பார்த்ததும் எல்லாம் புரிந்துவிட்டது பாப்பா, நீ சொல்லிக் கொடுத்திருந்தாயே, புரியாமல் இருக்குமா. நீ செருப்பைத் தேடும் சத்தம் கேட்டது, வாசலில் ஓட்டல்காரர் வண்டி வந்து நிற்கும் சத்தமும் கேட்டது. அந்த நேரத்தில் ஒரு மனிதன் செய்ய வேண்டியது தண்ணீர் எடுப்பது, விசிறியை நிறுத்துவது. நான் செய்தது என்ன தெரியுமா, கிளிப்பை எடுத்து, எரிகிற பீப்பாயின் கதவைத் திறந்து, இறைச்சி தொங்கும் கம்பியில் அது இருந்த இடத்திலேயே திரும்ப மாட்டினேன். வலது கட்டைவிரல் வெந்து தோல் அந்தக் கம்பியோடு போய்விட்டது. அப்புறம்தான் ஐயோ பாப்பா உன் மெஷின் எரிச்சிடுச்சே என்று கத்தினேன்.

இந்த இடத்தில் எழுதுகிறவர் பேனாவை வைத்துவிட்டார். கம்பிய நீங்களா உள்ள மாட்டுனீங்க, என்று கேட்கிறார். ஆமாம், நான்தான், அதையும் எழுதுங்க என்று சொன்னேன். எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்திருக்கிறார்.

அப்புறம் நடந்தது உனக்கே தெரியும். நீ கம்பியைப் பார்த்தாய், உள்ளே சரியாகத்தான் இருந்தது, பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய், எங்கே தப்பு என்று உனக்குப் பிடிபடவே இல்லை. ஓட்டல்காரர் எல்லோர் முன்னாலும், பொம்பளப் பிள்ளை செஞ்ச மெஷின நம்புனா விருந்துக்குக் கரிக்கட்டையத்தான் பரிமாறணும் என்றார். அவரோடு வண்டியில் வந்திருந்த கறிக்கடைக்காரர் சிரித்தார். மாமா, விடுங்க சின்னப் பொண்ணு என்றார், அது இன்னும் மோசம். நீ என்னைப் பார்த்தாய். நான் பெட்டியைப் பிடுங்கி விறகுக் குவியல் மேல் எறிந்தேன். பேக்கரிக்காரர் தன் அடுப்புக்கும் இதே மாதிரி ஒன்று செய்து தா என்று உன்னிடம் சொல்லியிருந்தார் அல்லவா, மறுநாளே ஆள் விட்டு வேண்டாம் என்றுவிட்டார். இங்கேயே இருந்து கடை கடையாக அடுப்புக்குப் பெட்டி மாட்டித் தருவேன் என்று இருந்த நீ, அந்த மாதமே காகிதத்தில் கையெழுத்துப் போட்டாய். ரொட்டித் தொழிற்சாலையில் வீட்டைவிடப் பெரிய அடுப்புகளை இன்று நீ பார்த்துக்கொள்கிறாய், எனக்குப் பெருமைதான், ஆனால் நீ ஒருநாள் அண்ணியிடம், புதிதாக ஒன்றைச் செய்து மாட்ட இப்போதும் கை தயங்குகிறது, அடுத்தவர் செய்ததைத்தான் பழுது பார்க்கிறேன் என்று சொன்னாயாமே. அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு சரியாக இறங்குவதில்லை.

அம்மாவுக்குத் தெரியும். விரலுக்கு மருந்து போட்டது அவள்தான், எப்படிச் சுட்டது என்று கேட்கவே இல்லை, கட்டி முடித்ததும், நீங்களே அவகிட்ட சொல்லிடுங்க என்றாள். ஒரே தடவைதான் சொன்னாள். அவள் போன பிறகு அவள் டிரங்குப் பெட்டியைத் திறந்தால், சேலைகளுக்கு அடியில் உன் பெட்டி, விசிறி, கம்பி எல்லாம் ஒரு தலையணை உறைக்குள் இருக்கிறது. இத்தனை வருடம் அது குப்பைக்குப் போய்விட்டது என்று நான் நினைத்திருக்கிறேன். காரியத்துக்கு நீ வந்து நாலு நாள் இருந்தபோது பீப்பாய்ப் பக்கம் திரும்பாமலே போனாய், அப்போதாவது சொல்லியிருக்கலாம், வீடு நிறைய ஆட்கள் என்று எனக்கு நானே சாக்குச் சொல்லிக்கொண்டேன்.

போன மாதம் பிரிட்ஜ் மெக்கானிக்கைக் கூப்பிட்டுக் காட்டினேன். திறந்து பார்த்துவிட்டு, பெரியவரே இதுல ஒண்ணுமே கெட்டுப்போகல, விசிறி மட்டும் சுத்தாம பிடிச்சுப்போச்சு, யார் செஞ்சது, கை சுத்தமா இருக்கே என்றார். என் மகள் என்றேன். வேறு விசிறி போட்டு, ஒயர் மாற்றி, பழையபடி பீப்பாயில் மாட்டித் தந்தார், நானே களிமண் குழைத்து இடுக்கெல்லாம் அடைத்தேன். வெறும் பீப்பாயை ஒரு நாள் முழுக்க ஓட்டினோம், நூற்றுப்பத்து அசையவில்லை. மறுநாள் நான் தனியாக இருந்தபோது கிளிப்பை வெளியே எடுத்துத் தொங்கவிட்டேன். விசிறி அலறியது, அன்றைக்கு அலறிய அதே மாதிரி. உள்ளே மாட்டினேன், கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கிவிட்டது. புகை கண்ணில் பட்டது என்று சொல்லலாம், கதவு மூடித்தான் இருந்தது.

இப்போது வாரத்தில் ஒரு நாள் புகை போடுகிறேன், அண்ணன் கடை ஆட்களுக்கும் தெருவுக்கும். பெட்டி பார்த்துக்கொள்கிறது, நான் எழுந்திருக்காமல் உட்கார்ந்து சாப்பிடுகிறேன். எதிரே அம்மா இல்லை, நீ இல்லை, அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுகிறார்கள். மூடி தேவைப்படாத தட்டு முன்னால் உட்கார்ந்தால் நேரம் எவ்வளவு மெதுவாகப் போகிறது தெரியுமா. அன்றைக்கு இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் போதும், அது என்னால் முடியவில்லை. என்னை மன்னித்துவிடு என்று கேட்கவில்லை, அது உன் இஷ்டம். உன் பெட்டியில் தப்பு இல்லை, அது மட்டும் உனக்குத் தெரியணும்.

பையனை வேலை நேரத்தில் போன் பண்ணித் திட்டாதே. உன் இருமலுக்கு டாக்டரைப் பார். பெரிய அடுப்புப் பக்கம் நிற்கும்போது சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொள், பொத்தான் போடாதே. நீ நினைத்ததை நீயே செய்து மாட்டி, அது நன்றாக ஓடுவதை உன் கண்ணால் பார்த்து, நீண்ட நாள் நல்லா இருக்கணும் என்று அப்பா ஆசீர்வாதம் பண்ணுகிறேன். இந்தத் தடவை போன் பண்ணும்போது நான் குளிரைப் பற்றிக் கேட்டால், அதை விடுங்கப்பா என்று சொல்.

அன்றைக்கு அந்தப் பின்கட்டில் நின்றவர்களில் கறிக்கடைக்காரர் போய்விட்டார், மாமா போய்விட்டார், அம்மாவும் போய்விட்டாள். உன்னையும் என்னையும் விட்டால் ஒரே ஒருவர்தான் இன்னும் உயிரோடு இருக்கிறார். உன் மெஷின்தான் எரித்தது என்று இன்று மத்தியானம்வரை நம்பிக்கொண்டிருந்தவர். அவர் காதில் இது விழாமல் நான் போகக் கூடாது என்றுதான் அவரிடமே பேனாவைக் கொடுத்தேன். கீழே என் கைநாட்டு. நடுவில் ரேகை விழாமல் வெள்ளையாக இருக்கும் இடம் அந்தக் கம்பி சுட்ட இடம்.

இப்படிக்கு,
உன் அப்பா
(வலது கட்டைவிரல்)

சொன்னபடி எழுதியது: ஓட்டல்காரர்