வரப்பில் ஓர் இடம்

அன்புள்ள உங்களுக்கு,

மரக்காணத்தில்தான் இருக்கிறேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை.

உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் பெண்கள் வரப்பில் ஓர் இடம் வந்ததும் பேச்சை நிறுத்திவிட்டுச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறார்கள். அங்கே உப்பைத் தவிர எதுவும் இல்லை. ஏனென்று அவர்களில் ஒருத்தியான அமுதவல்லியைக் கேட்டேன்.

"தெரியலிங்க மேடம். எங்கம்மா கழட்டும், நாங்களும் கழட்டுறோம்."

என் ஆய்வுக்கு வாங்கிய, அங்கே உப்பளம் வருமுன் விமானத்திலிருந்து எடுத்த பழைய வான்படத்தை விரித்துப் பார்த்தேன். அதே இடத்தில் வட்டமாக நெல்லடிக்கும் களம். களத்தில் யாரும் செருப்புக் காலோடு நடப்பதில்லை. நேற்று நானும் கழற்றினேன். பாதம் இன்னும் எரிகிறது.

இங்கே விவசாயமே நடந்ததில்லை என்கிறது உங்கள் அறிக்கை. அதைக் காட்டி, நிலத்தில் உரிமை இல்லையென்றுதான் இவர்களை வெளியேற்றப் போகிறார்கள். கையெழுத்துப் போடும் முன் ஒருமுறை வாருங்கள். ஷூவோடு அந்த இடத்தைத் தாண்டிவிட்டீர்கள் என்றால், நான் பேசாமல் உங்களோடு வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.

இன்னமும் உங்கள் மனைவி