மூன்றாம் உறுப்பினரின் படம்

ஜூன் 4

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு யாவரும் நலம். உன் நலத்தையும் அத்தானின் முட்டிவலியையும் பற்றி அறிய ஆவல். போனில் பேசினால் உனக்குக் காது கேட்காமல் நான் கத்த, நான் கோபப்படுவதாக நினைத்து நீ அழ, எதற்கு வம்பு என்று எழுதுகிறேன்.

எங்கள் நூலகத்தை இடிக்கப் போகிறார்கள். இது ஒரு காலத்தில் நம் தொகுதியின் அலுவலகம் என்பதே இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. தொகுதியே போய் நாற்பது வருஷம் ஆகிறதே! எல்லையை மாற்றி வரைந்து, மூன்று துண்டாக்கி, பக்கத்துத் தொகுதிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். என் மேசை இருப்பது ஒரு தொகுதியில், கழிப்பறை இருப்பது இன்னொரு தொகுதியில். இடிப்பதற்குள் தொகுதியின் வரலாற்றைச் சின்னப் புத்தகமாகப் போட்டுவிடலாம் என்று இறங்கியிருக்கிறேன்.

இருபத்திரண்டு வருஷத்தில் நான்கே உறுப்பினர்கள். பாலம் கொண்டுவந்த மருந்துக்கடைக்காரர். இரண்டு முறை கட்சி மாறியும் எதிலும் அமைச்சராகாத வக்கீல். மூன்றாவது, பதினோரு மாதமே இருந்த கணக்கு வாத்தியார், நம் அப்பா. அப்பா ஜீப் விபத்தில் போன பிறகு இடைத்தேர்தலில் வந்த விறகுக்கடைக்காரர். நான்கு படங்களும் என் தலைக்கு மேலேதான் தொங்குகின்றன. பால்காரப் பெரியவர் அப்பா படத்தைப் பார்த்துவிட்டு, "மத்தவங்க ஓட்டு கேட்க வந்ததோட சரி. இந்த மெம்பரைத்தான் வருஷக்கணக்கா பாத்துக்கிட்டே இருந்தோம்" என்றார். பதினோரு மாதம் எப்படி வருஷக்கணக்காகும்? குழப்பமாக இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

படத்தின் நகலை அனுப்பியிருக்கிறேன். எனக்கு ஒரு வயதில் போனவர். என்னிடம் அப்பா என்று இருப்பது இந்த முகம் மட்டும்தான். இதைப் பார்த்துத்தான் இடது வகிடு எடுக்கிறேன். உனக்கு அப்போது ஒன்பது வயது அல்லவா? படத்துக்குக் கீழே போட நாலு வரி எழுதித் தா.

தையல்கடை அம்மா சனிக்கிழமை தவறாமல் வந்து, ஒரு பத்திரிகையையும் தொடாமல், மின்விசிறிக் காற்று வாங்கிவிட்டுப் போகிறார். "இடிச்ச பிறகு எங்க போவீங்க?" என்று கிண்டல் செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

உன் தம்பி


ஜூன் 19

என் தம்பிக்கு,

முட்டிவலிக்காரர் நீ விசாரித்ததைக் கேட்டு இன்னும் கொஞ்சம் அதிகமாக நொண்டுகிறார்.

நீ கேட்ட நாலு வரி: அப்பாவின் சட்டைப்பையில் எப்போதும் சாக்பீஸ் துண்டு இருக்கும். மனு கொண்டுவந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து, தான் நின்றுகொண்டு படிப்பார். வீட்டில் அதிகம் பேசமாட்டார். தூங்கும் உன் கால்விரல்களைத் தினமும் எண்ணி, பத்து இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்வார்.

படம் போட வேண்டாம். எழுத்தே போதும்.

அக்கா


ஜூலை 2

அன்புள்ள அக்காவுக்கு,

கால்விரல் சங்கதியை நாலைந்து தடவை படித்தேன். ஆனால் படம் ஏன் வேண்டாம்? மற்ற மூவருக்கும் படம் போட்டு, அப்பாவுக்கு மட்டும் வெறும் எழுத்தா? உனக்கு அப்பா மேல் ஏதாவது மனத்தாங்கலா? தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. அச்சகத்துக்காரர் படம் கேட்டு அரிக்கிறார். அடுத்த வாரம் கொடுக்கப் போகிறேன்.

தம்பி


ஜூலை 20

தம்பி,

கொடுத்துவிடாதே. அது அப்பா இல்லை. டிரைவர்.

முதல் மூன்று மெம்பருக்கும் ஜீப் ஓட்டியவர் அவர்தான். பால்காரர் வருஷக்கணக்காகப் பார்த்ததும் அவரைத்தான். அப்பாவோடு அதே ஜீப்பில் போய்விட்டார். நம் வீட்டிலிருந்த ஒரே கல்யாணப் படத்தைப் பத்திரிகைக்காரர் வாங்கிப் போனார், திரும்பி வரவில்லை. அதனால் இரண்டு பேரும் ஜீப் அருகே நின்ற படத்தை ஸ்டூடியோவில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். அன்று டிரைவர் புதுச்சட்டை போட்டுப் படிய வாரியிருந்தார். அப்பா கசங்கிப் போயிருந்தார். யாரைப் பார்த்தால் மெம்பர் மாதிரி இருந்ததோ அவரை வைத்துக்கொண்டு, மீதிப் பாதியைக் குப்பையில் போட்டுவிட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்து நடந்த படத் திறப்பு விழாவில் துணியை விலக்கியதும் நான் சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையை நெரித்து, "பேசாம இரு. அங்க பாரு" என்றாள். பின்வரிசையில் டிரைவரின் மனைவி, இடுப்பில் பெண் குழந்தையோடு, படத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். அவர்கள் வீட்டிலும் வேறு படம் கிடையாது. சொன்னால் கழற்றிவிடுவார்கள். அதற்குள் மூன்று வயசு நீ "அப்பாவா?" என்று கேட்டுவிட்டாய். எல்லோரும் ஆமாம் என்றார்கள். அம்மாவும் சொன்னாள்.

அந்தக் குழந்தைதான் உன் தையல்கடை அம்மா.

அக்கா


ஆகஸ்ட் 1

அக்காவுக்கு,

நாற்பத்தாறு வருஷம். அம்மாவுக்கு ஒரு காரணம் இருந்தது. அம்மா போய் ஏழு வருஷமாகிறது, உனக்கு என்ன காரணம்?

தினமும் பூட்டைத் திறந்ததும் "வந்துட்டேன்ப்பா" என்பேன். வேலை கிடைத்ததையும், என் மகள் பிறந்ததையும், அம்மா போனதையும் முதலில் அவரிடம்தான் சொன்னேன். யாரோ ஒருவரிடம் சொல்லியிருக்கிறேன். ஸ்டூடியோ இருந்த இடத்துக்குப் போனேன். இப்போது செல்போன் கடை. "என்ன பாதி சார்? எந்தப் பாதி?" என்கிறார்கள். நானும் பைத்தியக்காரன் மாதிரி விளக்கிக்கொண்டு நின்றேன்.

இனி எழுதாதே.


ஆகஸ்ட் 18

என் தம்பிக்கு,

எழுதாதே என்றாய். உறையில் என் படத்தை வைக்காதே என்று சொல்லவில்லை.

எனக்குப் பெரிய காரணம் ஒன்றுமில்லை. பயந்தேன். நீ அதன் கீழே உட்கார்ந்து சந்தோஷமாக இருந்தாய்.

நீ அம்மா ஜாடை. நான்தான் அப்பாவை உரித்து வைத்தவள். அதனால்தான் தெருவில் என்னைக் குட்டி மெம்பர் என்று கூப்பிடுவார்கள். இது நாற்பத்தொரு வயதில் பாஸ்போர்ட்டுக்கு எடுத்தது. அப்பா போனபோதும் நாற்பத்தொன்றுதான். படத்தைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டேன். நன்றாக விழவில்லை என்று அழுவதாக அத்தான் நினைத்துக்கொண்டார். தோட்டை விரலால் மறைத்துவிட்டுப் பார். மீசையை நீயே வைத்துக்கொள்.

அக்கா


செப்டம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு வாரம் உன் உறையைப் பிரிக்கவில்லை. பிரித்ததும் தோட்டை மறைத்துப் பார்த்தேன், மீசையும் வைத்துப் பார்த்தேன். முதலில் சிரித்தேன். பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதேன்.

சனிக்கிழமை படத்தை இறக்கித் துடைத்து, தையல்கடை அம்மாவின் மடியில் வைத்தேன். "உங்களுக்குத் தெரியும்தானே? ஏம்மா சொல்லலை?" என்று கேட்டேன்.

"நீங்க அவர்கிட்ட பேசுறதைக் கேட்டிருக்கேன் சார். எனக்கு எங்கப்பாகிட்ட பேச வராது. நீங்களாவது பேசுறீங்களேன்னு இருந்துட்டேன்" என்றார். சட்டகத்தைத் தானே சுமந்துகொண்டு போனார்.

புத்தகம் வந்துவிட்டது. மூன்றாம் உறுப்பினர் பக்கத்தில் உன் நாலு வரி, மேலே காலிக் கட்டம். மூன்று உறுப்பினர்களை ஏற்றிக்கொண்டு போன டிரைவருக்குத் தனிப் பக்கம், முழுப் படம். என் பிரதியில் மட்டும் காலிக் கட்டத்தில் உன் படத்தை ஒட்டியிருக்கிறேன். காலையில் அதைத் திறந்து "வந்துட்டேன்ப்பா" என்று சொல்லிப் பார்த்தேன். பாதியில் "வந்துட்டேன்க்கா" ஆகிவிட்டது.

ஒரே ஒரு குழப்பம்தான் பாக்கி. படத்தில் நீ நடுவகிடு எடுத்திருக்கிறாய். அப்பா எந்தப் பக்கம் எடுப்பார்? இன்று சீப்பைப் பிடித்துக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றவன், கடைசியில் வாராமலே வேலைக்கு வந்துவிட்டேன். உடனே எழுது.

உன் தம்பி