வெள்ள நிவாரணமும் உங்கள் பெயரும்

கொலன்னாவை,
20.01.2026

அன்புள்ள தனுஷியா அப்பாவுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நீங்களும் வேளைக்குச் சாப்பிட்டு, கொடுக்கிற மருந்தைத் தவறாமல் எடுத்து, நல்லபடியாக இருக்க மாரியம்மனை வேண்டுகிறேன். புனர்வாழ்வு நிலையத்தில் போனில் கதைக்க விடமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

வெள்ளத்தைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பயந்திருப்பீர்கள். தண்ணீர் ஜன்னல் வரைக்கும் ஏறியது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு ஷபீகா அக்காவின் மேல்மாடிக்கு ஓடினேன். அடுப்பு, மெத்தை, என் தையல் மெஷின் எல்லாம் சேற்றோடு போய்விட்டன.

வருமானமே இல்லாத குடும்பங்களுக்கு வீட்டுச் சாமான் வாங்க அரசாங்கம் தனியாக உதவிப் பணம் கொடுத்தது. எங்களுக்கு வரவில்லை. நீங்கள் கட்டார் நாட்டில் வேலை செய்வதாகத்தானே தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தேன்! போய்க் கேட்கவும் கூசியது. ஷபீகா அக்காதான், "வெக்கத்த ஆக்கியா புள்ளைக்குக் குடுக்கப் போறீங்க?" என்று ஏசி, பிரதேச செயலகத்துக்கு இழுத்துப் போனார்.

அங்கே அதிகாரியாக ஒரு சிங்களப் பெண் இருந்தார், நோனா என்றுதான் எல்லோரும் கூப்பிட்டார்கள். கணவர் கட்டாரில்தானே என்று கேட்டார். ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன், முடியவில்லை. இல்லை மிஸ், போதைப் பழக்கத்துக்கு வைத்தியம் செய்யப் போயிருக்கிறார், யாரும் பிடித்துக் கொண்டுபோகவில்லை, அவராகவே கேட்டுப் போனவர் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அழுகையும் வந்துவிட்டது. அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "பயவென்ன எபா நங்கி" என்றார். பயப்படாதே தங்கச்சி என்று அவர் சொன்னதும் இன்னும் அழுதேன். தன் தம்பியும் அப்படிப் போய்ச் சுகமாகி வந்தவன்தானாம். இப்போது பஸ் ஓட்டுகிறானாம்.

பொங்கலுக்கு முந்தியே பணம் வந்துவிட்டது. அடுப்பும் மெத்தையும் பானையும் வாங்கினேன். அந்தப் பானையில்தான் பொங்கினோம். மெஷின் வாங்கச் சுயதொழில் கடனும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நோனாவுக்குப் பொங்கல் கொண்டுபோனேன். கந்தோரில் வேலை செய்கிற எல்லோருக்கும் பகிர்ந்துவிட்டு, சட்டியைக் கழுவித் தந்தார். அவர் பிள்ளைகள் நன்றாக இருக்க வேண்டும்.

தெருவுக்கும் நானே உண்மையைச் சொல்லிவிட்டேன். யாரும் முகத்தைத் திருப்பவில்லை. பிள்ளை தினமும் உங்களைக் கேட்கிறாள். அப்பா சுகமாகிக்கொண்டிருக்கிறார் என்று சொல்லிப் பழகிவிட்டேன்.

நிலையத்தில் போகலாம் என்று சொல்லும் நாளில், இருட்டட்டும் என்று எங்கேயும் காத்திருக்காதீர்கள். பகலிலேயே வாருங்கள். நானும் பிள்ளையும் பஸ் நிறுத்தத்தில் நிற்போம். மூன்று பேருமாகத் தெரு வழியே நடந்து வீட்டுக்கு வரலாம்.

உங்கள் நலம் ஒன்றையே வேண்டும்,
நிஷாந்தி