ஒன்பதாம் அட்டவணை

தேஹு ரோடு, புனே
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள தேஜஸ்வினிக்கு,

அம்மா எழுதுகிறேன். ஆக்லாந்தில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். விமான் நகர் கம்பெனி வேலையை உதறிவிட்டு நீ படிக்கக் கிளம்பியபோது, இனி உன்னோடு பேசமாட்டேன் என்றேன். இரண்டு வருஷமாகப் பேசவில்லை. எழுதமாட்டேன் என்று சொல்லவில்லையே!

நீ அப்பாவுக்கு அனுப்பிய ஆய்வேட்டை அவர் ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து வந்து, என் கண்ணில் படும்படி ஹாலில் வைத்தார். பெரிய சாமர்த்தியம் என்று நினைப்பு. நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் உட்கார்ந்தேன்.

பாலினீசியத் தீவுகளின் பாஷைகளை வரிசையாக நிறுத்தி, பெயர்ச்சொல்லுக்கு முன்னால் என்ன வருகிறது, எண்ணுக்கு முன்னால் என்ன வருகிறது என்று பதினான்கு அட்டவணை போட்டிருக்கிறாய். மாவோரியில் ஒன்றுக்கு 'தே', பலவற்றுக்கு 'ஙா'வாம். ஒன்றாம் வகுப்போடு நான் மறந்த ங எழுத்துக்கு அங்கே இவ்வளவு வேலையா! ஆட்களை எண்ணும்போது மட்டும் எண்ணுக்கு முன்னால் 'தோகோ' சேர்க்கிறார்களாம். நாமும் இரண்டு மூட்டை என்போம், மனிதர்கள் என்றால் இரண்டு பேர் என்போம். அந்த ஜனங்களை எனக்குப் பிடித்துவிட்டது.

அட்டவணையைக் கண்டால் என் கை சும்மா இருக்குமா? இருபத்தாறு வருஷமாக ராணுவ டிப்போவில் சரக்கு சரிபார்க்கிறவள். ஒருவர் சரக்குக் கணக்கு எழுதிய கார்டை வாசிக்க வேண்டும், மற்றவர் கார்டைப் பார்க்காமல் அலமாரியைப் பார்க்க வேண்டும். அதுதான் எங்கள் முறை. என்னோடு வேலை செய்யும் ஜெபமணியை வீட்டுக்கு வரச் சொன்னேன். அவள் உன் விளக்கத்தை வாசித்தாள், நான் கட்டங்களைப் பார்த்தேன். ஒன்பதாவதில் மாட்டியது. மாவோரியின் 'தே' போலச் சமோவாவில் வரும் 'லே' டோங்கா கட்டத்திலும், டோங்காவின் 'ஹே' சமோவா கட்டத்திலும் இருக்கின்றன. விளக்கத்தில் சரியாக எழுதிவிட்டுக் கட்டத்தில் மாற்றிப் போட்டிருக்கிறாய். வெள்ளிக்கிழமை ஒப்படைக்க வேண்டுமாமே, உடனே திருத்து.

மற்ற பதிமூன்றிலும் ஒரு குறை இல்லை. அக்கா, இத்தனையும் நம்ம தேஜூவா எழுதினா என்று ஜெபமணி வாயைப் பிளந்தாள். ஆமாம், என் மகள்தான் என்றேன். பக்கத்து வீட்டு மராட்டிக்காரிக்கும் கேட்டிருக்கும், கேட்கட்டும்.

யார் பேசுகிற பாஷை, யாருக்குப் பிரயோஜனம் என்று அன்று உன்னிடம் கத்தினேன். தெரியாமல் பேசிவிட்டேன், தேஜூ. அது என் தப்பு.

எங்கள் டிப்போவில் சரிபார்த்தவர் கையெழுத்துப் போட்டுவிட்டால், பிறகு குறை வந்தால் அவரைத்தான் கேட்பார்கள். உன் பதிமூன்று அட்டவணைகளின் கீழும் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கே எந்தப் பேராசிரியராவது மூக்கைச் சுளித்தால் என்னிடம் அனுப்பு. ஒன்பதாவதை நீ திருத்திய பிறகு போடுகிறேன்.

இதை அப்பா போட்டோ எடுத்து அனுப்புவார். படிக்காமல் அனுப்பச் சொல்லியிருக்கிறேன். படிப்பார்.

எடுத்த காரியம் ஜெயமாகட்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. திருத்தி முடித்ததும் போன் செய். அப்பாவுக்கு வேண்டாம். என் நம்பர் மாறவில்லை.

உன் அம்மா,
மல்லிகா